மரியன்னை வணக்கம்: எல்லை வகுத்த வரலாறு

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிடம் எதுவாயினும் அதனை 'மாதா கோயில்' என்று சுட்டுவது பெருவழக்கு. அந்தோணியார் கோயிலும் மாதா கோயிலே. சவேரியார் கோயிலும் மாதா கோயிலே. மரியாளின் உருவத்தை உள்ளே வைக்க ஒருபோதும் இசையாத சீர்திருத்த சபையார் கட்டிய கோயிலைக்கூட அப்பெயரால் குறித்து அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்துவோர் உண்டு. நாம் குடியேறி வாழும் இந்த மும்பையிலும் நிலைமை வேறன்று. செப்டம்பர்த் திங்களில் பாந்திராக் குன்றின்மேல் மவுண்ட் மேரி திருவிழா நடைபெறும்போது மெழுகுவர்த்தியும் மெழுகாற் செய்த கைகால் உருவங்களும் ஏந்திப் படியேறுவோரில் எல்லாச் சமயத்தாரும் உளர். கோலி மீனவர் அவ்வன்னையை 'மோட் மவுலி' என்று அழைத்துத் தம் வீட்டுத் தாயாகவே கொண்டாடுகின்றனர்.

இக்காட்சியைக் காணும் அன்பர் சிலர் இயல்பாகவே ஒரு வினா எழுப்புவதுண்டு. கிறிஸ்தவம் ஒரே கடவுளை வழிபடும் சமயமாயிற்றே, கிறிஸ்துவைப் பெற்ற தாய்க்கு இத்துணைச் சிறப்பு எங்ஙனம் வந்தது? அச்சிறப்பு அளவுகடந்து போயிற்று என்று அச்சமயத்தினர் எவரும் கருதவில்லையா? கருதினர் என்பதே விடை. வெளியே நின்று குறைகூறினாரைவிட, அன்னையிடம் ஆழ்ந்த அன்புகொண்டு உள்ளே நின்றவர்களே இதுபற்றி மிகுதியாகக் கவலையுற்றனர். அக்கவலையின் வரலாறு ஏறத்தாழ 1,600 ஆண்டு நீளமுடையது. ஒரு சமயத்தை ஏற்றவோ தாழ்த்தவோ இக்கட்டுரை எழுந்ததன்று. நம் அண்டை வீட்டாரின் பூசையறையில் நாள்தோறும் காணும் ஓர் உருவத்தின் பின்னணியை அறிந்துகொள்ளும் ஆவலே இதற்குக் காரணம்.

மரியாளைப் பற்றிச் சுவிசேஷங்கள் கூறுவது மிகக் குறைவு. தேவதூதன் செய்தி கொணர்ந்தது, மாட்டுத் தொழுவத்திற் பெற்றது, கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தது கண்டு மகனிடம் உரைத்தது, சிலுவையடியில் நின்றது எனச் சில காட்சிகளே உள்ளன. அவற்றுள் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. இயேசு பேசிக்கொண்டிருக்கையில் கூட்டத்திலிருந்து ஒரு பெண், அவரைச் சுமந்து பாலூட்டிய தாய் பேறுபெற்றவள் என்று உரத்த குரலில் வாழ்த்தினாள். அதற்கு அவர், இறைவனுடைய வார்த்தையைக் கேட்டு அதன்படி நடப்பவரே பேறுபெற்றோர் என்னும் பொருள்பட மறுமொழி கூறினார். அன்னையைப் போற்றும் குரலும், அதற்கு ஒரு வரம்பு இடும் குரலும் அந்த இரண்டே வாக்கியங்களில் ஒருங்கே அமைந்துவிட்டன. பின்வந்த நூற்றாண்டுகள் இவ்விரு குரல்களையும் மாறி மாறிப் பெரிதாக ஒலித்தன என்று சொல்லலாம்.

அளவுகடந்த வணக்கம் என்று முதன்முதலிற் பெயர்சுட்டிக் கண்டித்தவர், சைப்பிரஸ் தீவிலிருந்த சலாமிஸ் நகரின் ஆயர் எப்பிபானியுஸ் ஆவார். அவர் 370களில் எழுதிய 'பனாரியன்' என்னும் நூல் 80 வகைத் தவறான கொள்கைகளை விவரிக்கின்றது. அவற்றுள் ஒன்று, அரேபியாவில் வாழ்ந்த சில பெண்களின் வழிபாடு. அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் இருக்கையை அலங்கரித்து, அதன்மேல் துணி விரித்து, மரியாளின் பெயரால் சிறு அப்பங்களைப் படைத்துத் தாமும் உண்டனராம். அப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு 'கொல்லிரிடியர்' என்று அவர்களுக்குப் பெயரிட்டார் அவர். அத்தகைய கூட்டம் உண்மையில் இருந்ததா என்று இன்றைய ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். ஆயினும் அவர் வகுத்த விதி நிலைத்தது: மரியாளுக்கு மரியாதை உரியது, ஆராதனை ஆண்டவர்க்கே உரியது. அதே நூலின் முந்திய அதிகாரத்திலேயே மரியாளைத் தாழ்த்திப் பேசிய வேறொரு கூட்டத்தாரையும் அவர் கடிந்திருக்கிறார் என்பதை மறத்தலாகாது. மிகையும் குறையும் இரண்டுமே அவருக்குப் பிழையாகத் தோன்றின.

அடுத்து வருவது எபேசு நகரத்துப் பெருங்கதை. இன்றைய துருக்கி நாட்டின் மேற்குக் கரையோரத்தில் இடிபாடுகளாகக் கிடக்கும் இந்நகர், ஒருகாலத்தில் ஆர்த்தெமிஸ் தேவியின் நகராக உலகப் புகழ்பெற்றிருந்தது. பழைய உலகின் ஏழு அதிசயங்களுள் அத்தேவியின் கோயிலும் ஒன்று. பவுல் அங்குச் சென்று போதித்தபோது, தேவியின் வெள்ளிக் கோயில்களைச் செய்து விற்ற தட்டார்கள் தங்கள் பிழைப்புக் கெடுமென்று அஞ்சி ஊரைத் திரட்ட, மக்கள் இரண்டு மணி நேரம் தேவியின் பெயரை முழக்கினர் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அதே ஊரில்தான் 431ஆம் ஆண்டு கிறிஸ்தவ ஆயர்களின் பொதுச்சங்கம் கூடியது.

கொன்ஸ்தாந்திநோபிள் நகரின் தலைமை ஆயராக 428இல் அமர்ந்த நெஸ்தோரியுஸ், மரியாளைக் 'கடவுளின் தாய்' என்று அழைப்பதற்குத் தடை கூறினார். கடவுளுக்குத் தொடக்கமும் தாயும் எங்ஙனம் இருத்தல் கூடும்? ஆதலின் 'கிறிஸ்துவின் தாய்' என்றழைத்தலே பொருத்தம் என்பது அவர் வாதம். அலெக்சாந்திரியாவின் சிரில் இதனை வன்மையாக எதிர்த்தார். கிறிஸ்து ஒருவரே, அவர் கடவுளும் மனிதனுமாக ஒன்றியிருப்பவர், அவரைப் பெற்றவளைக் கடவுளின் தாய் என்னாவிடில் கிறிஸ்துவையே இரு கூறாக்கியதாகும் என்பது அவர் வாதம். ஆகவே வழக்கின் உயிர்நிலை மரியாள் அல்லள், கிறிஸ்து யார் என்பதே. ஜூன் 22ஆம் நாள், எதிர்த்தரப்பினரான அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருமுன்பே சிரில் சங்கத்தைக் கூட்டி, ஒரே நாளில் நெஸ்தோரியுஸைப் பதவியிறக்கினார். வெளியே மாலைவரை காத்துநின்ற மக்கள் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்து, தீவர்த்திகள் ஏந்தி ஆயர்களை விடுதிவரை அழைத்துச் சென்றனர். சில நாட்களில் வந்து சேர்ந்த அந்தியோக்கியாவின் யோவான் தனிக் கூட்டம் கூட்டிச் சிரிலைப் பதவியிறக்கினார். பேரரசன் இரண்டாம் தெயோதோசியுஸ் இருதரப்புத் தலைவர்களையும் காவலில் வைத்தான். சங்கம் என்றால் பிணக்கு உண்டு என்பதற்கு நம் காலத்தில் மட்டுமா சான்று தேட வேண்டும்!

ஆயர்கள் கிறிஸ்துவைப் பற்றித் தீர்ப்பளித்தார்கள். தெருவில் நின்ற மக்களோ அதனை அன்னையின் வெற்றியாகக் கொண்டார்கள். இந்த வேறுபாடு சிறியதன்று. அறிஞர் ஒரு சொல்லை ஒரு பொருளில் வழங்க, மக்கள் அதனைத் தம் நெஞ்சின் பொருளில் வாங்கிக்கொள்வது அன்று தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் ரோமாபுரியில் போப்பாண்டவர் மூன்றாம் சிக்ஸ்துஸ், இன்றும் நின்று விளங்கும் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தை எழுப்பினார்.

எபேசுவின் எதிரொலி நம் நாட்டிலும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் நாள்தோறும் வழங்கும் 'தேவமாதா' என்னும் சொல், அன்று சண்டைக்குக் காரணமான கிரேக்கச் சொல்லின் நேரான பொருளே. எபேசுவின் தீர்ப்பை ஏற்காத கீழைச் சிரிய சபை பாரசீகம் முதலிய நாடுகளிற் பரவிற்று. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர் பல நூற்றாண்டுகள் அச்சபையிலிருந்தே ஆயர்களைப் பெற்று வந்தனர். போர்த்துக்கீசியர் 1599இல் உதயம்பேரூரிற் கூட்டிய மாநாட்டில் அவர்களுடைய பழைய சிரிய நூல்கள் நெஸ்தோரியக் குற்றம் சாட்டப்பட்டு அழிக்கப்பட்டன. மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சொல்லைப்பற்றி எழுந்த வழக்குக்காக, 1,100 ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின் மலையாளக் கரையில் ஏடுகள் நெருப்பிலிடப்பட்டன. இதனினும் வியப்புக்குரியது பின்னர் நிகழ்ந்தது. 1994 நவம்பர் 11ஆம் நாள் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலும் கீழைச் சபைத் தலைவர் நான்காம் மார் தின்காவும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, 'கடவுளின் தாய்' என்பதும் 'கிறிஸ்துவின் தாய்' என்பதும் ஒரே விசுவாசத்தின் இரு முறையான வெளிப்பாடுகள் என ஏற்றது. எரிந்த ஏடுகள் மட்டும் மீளவில்லை.

இறைவனுக்குரிய ஆராதனை வேறு, அடியார்க்குரிய வணக்கம் வேறு என்னும் பாகுபாடு 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா சங்கத்தில் உறுதிபெற்றது. அடியார் வணக்கத்தினும் ஒருபடி உயர்ந்த வணக்கம் மரியாளுக்கு உரியது, எனினும் அது ஆராதனை ஆகாது என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தெளிவுறுத்தினார். ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. வீதியில்தான் எல்லை மங்கிற்று. அது ஏன் மங்கிற்று என்பதே இவ்வரலாற்றில் சிந்தித்தற்குரிய பகுதி.

இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்துவின் உருவம் மெல்ல மாறியது. கோயில் வாயில்களில் அவர் இறுதித் தீர்ப்பு வழங்கும் அரசராக, வலப்பக்கத்தாரை மோட்சத்திற்கும் இடப்பக்கத்தாரை நரகத்திற்கும் அனுப்புபவராகச் செதுக்கப்பட்டார். போதகர்கள் அவருடைய நீதியைப் பற்றியே அச்சமூட்டிப் பேசினர். மன்னன் கடுமையானவன் எனின் மக்கள் அரசியை நாடுவது உலகியற்கை. வேத நூலில் எஸ்தர் அரசிக்கு வேந்தன் பாதி ராச்சியம் தருவதாகக் கூறியதை எடுத்துக்காட்டி, விண்ணரசிலும் நீதியின் பாதியை மகன் வைத்துக்கொண்டு இரக்கத்தின் பாதியை அன்னையிடம் ஒப்படைத்துவிட்டார் என்று பிரசங்கித்தவர்கள் இருந்தனர். சாத்தானுக்கு ஆன்மாவை எழுதிக் கொடுத்த தெயோபிலுஸ் என்பவனுக்காக மரியாள் அந்தப் பத்திரத்தையே மீட்டுத் தந்த கதை எங்கும் பரவியது. பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயத்தின் வடவாயிலில் அது சிற்பமாக உள்ளது. சங்கீதங்களில் 'ஆண்டவர்' என்று வருமிடமெல்லாம் அன்னையைப் பெய்து எழுதிய 'மரியாளின் சங்கீதமாலை' ஒன்று, புனித பொனவெந்தூரின் பெயரால் வழங்கிற்று. அது அவர் எழுதியதன்று என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு.

இவையனைத்தையும் ஒரே பார்வையில் விளக்கவல்ல ஓவியம் ஒன்று இத்தாலி நாட்டுப் பெருஜியா நகரில் உள்ளது. கொள்ளைநோய்க் காலத்தில், 1464இல் பெனெதெத்தோ பொன்ஃபீலி வரைந்த கொடித்திரை அது. நடுவே பேருருவாக நிற்கும் மரியாள் தன் மேலாடையை இருபுறமும் விரித்திருக்கிறாள். அதன் நிழலில் ஊர்மக்கள் சிறுசிறு உருவங்களாக ஒடுங்கி நிற்கின்றனர். மேலிருந்து அம்புகள் பாய்கின்றன. அவை மக்கள்மீது தையாமல் அவ்வாடையாற் காக்கப்படுகின்றனர். அம்பெய்பவர் யார்? சாத்தான் அல்லன், கிறிஸ்துவே. மக்களை மீட்க உயிர்நீத்தவர் என்று எவரை அச்சமயம் போற்றுகிறதோ, அவரிடமிருந்தே மக்களைக் காப்பவளாக அன்னை நிற்கிறாள்! பிள்ளைகளைப் புதைத்துவிட்டு அத்திரையின் பின்னே நடந்த மக்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அன்னையை மிகையாக நேசித்தனர் என்பது பாதி உண்மையே. இறைவனை மிகையாக அஞ்சக் கற்பிக்கப்பட்டனர் என்பது மறுபாதி. பின்வந்த திருத்தக்காரர் பலர் முதற்பாதியை மட்டுமே கண்டு, மேலாடையைப் பறிப்பதில் முனைந்தார்களேயன்றி, அம்புகளை நிறுத்துவதைப் பற்றி எண்ணவில்லை.

அன்பர்களே தடை கூறினர் என்று மேலே சொன்னேன். கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு (1090-1153) மரியாளைப் புகழ்ந்ததுபோல் புகழ்ந்தவர் அரியர். இறையருளை மக்களிடம் கொணரும் நீர்க்கால்வாய் என்று அவளை உவமித்தவர் அவரே. அத்தகையவர், மரியாள் கருவுற்றுப் பிறந்ததற்கென்று லியோன் நகரத்துக் குருக்கள் ஒரு புதிய திருநாளைத் தொடங்கியபோது, 1140ஐ ஒட்டி அவர்களுக்குக் கடுமையான கடிதம் விடுத்தார். உண்மையான சிறப்புகள் நிறைந்தவளுக்குப் பொய்ச் சிறப்புகள் வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. அக்குவினாஸும் அன்னை பாவமின்றியே உற்பவித்தாள் என்னும் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் காலம் இருவரையும் தாண்டிச் சென்றது. 1854 டிசம்பர் 8ஆம் நாள் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் அதே கொள்கையைத் திருச்சபையின் மாறாச் சத்தியமாகப் பிரகடனம் செய்தார். ஒரு நூற்றாண்டின் மிகை மற்றொரு நூற்றாண்டின் விசுவாசம் ஆகிறது. எல்லைக்கல் நட்ட இடத்திலேயே நிற்பதில்லை.

டச்சு நாட்டுப் பேரறிஞர் எராஸ்மஸ் நகைச்சுவையைக் கையாண்டார். இங்கிலாந்தில் வால்சிங்கம் என்னும் ஊரில் மரியாளின் பாலென்று ஒரு பொருளைக் காட்டி யாத்திரிகரை ஈர்த்தனர். 1512இல் அங்குச் சென்றுவந்த எராஸ்மஸ், 1526இல் வெளியிட்ட உரையாடல் ஒன்றில் மரியாளே எழுதியதாக ஒரு கடிதத்தைப் புனைந்தார். அதில் அன்னை முறையிடுகிறாள்: கொள்ளைக்குப் புறப்படும் போர்வீரன் நல்ல வேட்டை கேட்கிறான், சூதாடி வெற்றி கேட்கிறான், தூரதேசம் செல்லும் வணிகன் தன் ஆசைநாயகியின் கற்பைக் காக்கும் பொறுப்பைத் தன்னிடம் விட்டுச் செல்கிறான்! புதிய சீர்திருத்தக்காரர்களால் இவ்விண்ணப்பங்கள் குறைந்தன என்று நன்றி கூறும் அன்னை, தன்னை வெளியே தள்ளினால் கையிலேந்திய குழந்தையையும் சேர்த்தே தள்ள நேருமென்று இறுதியில் எச்சரிக்கவும் செய்கிறாள். பால் திருப்பண்டத்தைப் பற்றிக் கால்வின் 1543இல் எழுதியது இன்னும் கூர்மையானது: ஊர்தோறும் காட்டப்படும் அளவைக் கூட்டினால், வாழ்நாள் முழுதும் பால் சுரந்தாலும் அத்துணை வந்திராது என்று கணக்கிட்டார். வால்சிங்கத்து உருவம் எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1538இல் இலண்டனுக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது.

லூதர் மரியாளை வெறுத்தார் என்று சிலர் எண்ணுவது தவறு. 1521இல் அவளுடைய துதிப்பாடலுக்கு அவர் எழுதிய விளக்கவுரை அன்பு ததும்புவது. இறைவன் ஓர் ஏழைப்பெண்ணைக் கண்ணோக்கினார் என்பதே அவளுடைய பெருமை. ஆகவே அவளைப் பார்ப்பவர் அவளிடம் நின்றுவிடாமல் இறைவனிடம் செல்லவேண்டும் என்பது அவர் துணிபு. கத்தோலிக்கத் திருச்சபையும் 1563இல் திரெந்து சங்கத்தில் அடியார் வணக்கத்தை உறுதிசெய்து, அதிற் புகுந்த மூடப்பழக்கங்களை விலக்கக் கட்டளையிட்டது.

இவ்வழக்கு தமிழிலும் நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு முதலிய லுத்தரன் போதகர்கள் தமிழ் அச்சகம் நிறுவி நூல்கள் வெளியிட, அவர்களை மறுத்து இயேசு சபையைச் சார்ந்த வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடை வளர்ந்ததற்கு இச்சமயப் போரும் ஒரு காரணம் என்பதை இலக்கிய அன்பர் அறிவர். அவரே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். கோணான்குப்பத்தில் அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர் சூட்டினார். தஞ்சைப் பெருவுடையார் கோயில் அம்மன் பெயரும் அதுவே என்பதை நினைவுகூர்ந்தால், தரங்கம்பாடியார் ஏன் முகம் சுளித்தனர் என்பதும், ஊர்மக்கள் ஏன் உவந்து வந்தனர் என்பதும் ஒருசேர விளங்கும்.

ஐரோப்பாவில் அதற்குள் புதியதொரு பூசல் மூண்டிருந்தது. கொலோன் நகரத்து வழக்கறிஞர் ஆதாம் விடன்ஃபெல்ட் என்பார், கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு, 1673இல் கெந்து நகரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நிதானமற்ற தன் பக்தர்களுக்கு மரியாளே நல்லறிவு புகட்டுவதாக அமைந்தது அந்நூல். ஆயர் சிலர் அதனைப் பாராட்டினர். ஆனால் சில ஆண்டுகளில் ரோமாபுரி அதனைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. அதே 1673இல் பிறந்த லூயி த மொன்ஃபோர் என்னும் பிரெஞ்சுக் குரு, அன்னைக்குத் தன்னையே அடிமையாக ஒப்புவிக்கும் பக்திநெறியை எழுதிவைத்தார். அவருடைய ஏட்டுப்பிரதி ஒரு பெட்டியில் மறைந்துகிடந்து 1842இல் கண்டெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அச்சேறி உலகெங்கும் பரவியது. விடன்ஃபெல்டின் நூலை இன்று அறிஞர் மட்டுமே அறிவர். ஆயினும் மொன்ஃபோரும் போலிப் பக்தரை ஏழு வகையாகப் பிரித்துக் கண்டித்திருக்கிறார். ஆபத்து வரும்போது மட்டும் அன்னையை நினைக்கும் ஆதாயப் பக்தர் அவருள் ஒரு வகையினர். இப்பகுதியை அவருடைய அன்பர்களே விரைந்து புரட்டிவிடுவதாகத் தோன்றுகிறது.

19ஆம் நூற்றாண்டில் லூர்து முதலிய இடங்களிற் காட்சிகளும் யாத்திரைகளும் பெருகின. ஆங்கிலிக்க சபையிலிருந்து கத்தோலிக்கம் தழுவிய நியூமன், பழைய நண்பர் பியூசி 1865இல் எடுத்துக்காட்டிய மிகைமொழிகளைக் கண்டு தாமே திடுக்கிட்டதாக அடுத்த ஆண்டு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆயினும் பக்தி ஓங்கிக்கொண்டே சென்றது. 1950 நவம்பர் 1ஆம் நாள் அன்னை உடலோடு விண்ணேற்கப்பட்டாள் என்பது சத்தியமாக அறிவிக்கப்பட்டது. 'இன்னும் ஒரு பட்டம், இன்னும் ஒரு பிரகடனம்' என்று வேண்டுவோர் குரல் எங்கும் ஒலித்தது.

அந்த நிலையில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962இல் கூடியது. அன்னையைப் பற்றித் தனி ஏடு ஒன்று இயற்றுவதா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே அவளையும் ஓர் அதிகாரமாகச் சேர்ப்பதா என்பது வினா. கேட்பதற்கு அலுவலகக் கோப்பு ஒழுங்கைப் போலத் தோன்றும். உண்மையிலோ, அன்னை திருச்சபைக்கு மேலே நிற்பவளா, அதன் உள்ளே முதன்மையாக நிற்பவளா என்பதே அதன் உட்பொருள். 1963 அக்டோபர் 24ஆம் நாள் மணிலாவின் கர்தினால் சாந்தோஸ் தனி ஏட்டுக்காகவும், வியன்னாவின் கர்தினால் கோனிக் சேர்த்தலுக்காகவும் வாதாடினர். இருதரப்பினரும் அன்னையின் அன்பர்களே. துண்டுப் பிரசுரங்கள் கைமாறின. அன்னைக்கு எதிராக வாக்களிக்கிறோமோ என்று கலங்கிய ஆயர்களும் இருந்தனர். 29ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது: சேர்க்க வேண்டுமென்று 1,114 பேர், வேண்டாமென்று 1,074 பேர். 2,000க்கு மேற்பட்ட ஆயர்களிடையே வேறுபாடு வெறும் 40. அச்சங்கத்தின் முக்கிய வாக்கெடுப்புகளில் இத்துணை நெருக்கமானது வேறில்லை.

1964 நவம்பர் 21ஆம் நாள் நிறைவேறிய அந்த ஏட்டின் எட்டாம் அதிகாரம், பொய்யான மிகைகூறலையும் குறுகிய மனப்பான்மையையும் ஒருங்கே தவிர்க்குமாறு போதகர்களை வேண்டியது. எப்பிபானியுஸ் சொன்னதையே வேறு சொற்களில் மீண்டும் கூறியதாயிற்று. அதே நாளில் போப்பாண்டவர் ஆறாம் பால், சங்கம் ஏட்டில் எழுதாமல் விட்ட 'திருச்சபையின் தாய்' என்னும் பட்டத்தைத் தம் அதிகாரத்தால் அறிவித்தார். தோற்றவர்களுக்கு ஆறுதலா, தம் உள்ளத்தின் நிறைவா என்று அன்று பலர் பலவாறு பேசினர். 1974இல் அவரே வெளியிட்ட மடலில், மரியன்னை பக்தி வேத நூலையும் திருவழிபாட்டையும் தழுவியதாக அமையவேண்டுமென நெறிவகுத்தார்.

எல்லை முற்றிலும் உடைந்த நிகழ்ச்சி ஒன்றையும் கூறவேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1971இல் தோன்றிய 'மரியாளின் படை' என்னும் இயக்கத்தார் சிலர், தம்மைத் தோற்றுவித்த பெண்மணியே மரியாளின் மறுபிறவி என்று நம்பத் தலைப்பட்டனர். 2007இல் வத்திக்கான் அவர்களைத் திருச்சபைக்குப் புறம்பாக்கியது. நம் கத்தோலிக்க அன்பர் பலர் உறுப்பினராயுள்ள, 1921இல் டப்ளின் நகரில் தோன்றிய மரியாயின் சேனைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, பெயரொற்றுமையால் மயங்கற்க.

மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை. அவருடைய மீட்புப்பணியில் அன்னைக்கிருந்த பங்கைக் கருதி அவளை 'இணைமீட்பர்' எனப் பிரகடனம் செய்ய வேண்டுமென்று கோரிப் பல நாடுகளிலிருந்தும் இலட்சக்கணக்கான கையெழுத்துகள் 1990களில் வத்திக்கானுக்குச் சென்றன. இரண்டாம் ஜான் பால் அன்னையின் பேரன்பர். தம் விருதுவாக்கிலேயே அவளுக்குத் தம்மை முற்றும் ஒப்புவித்தவர். அவரும் அப்பிரகடனத்தைச் செய்யவில்லை. 2025 நவம்பர் 4ஆம் நாள், போப்பாண்டவர் பதினான்காம் லியோவின் ஒப்புதலோடு வத்திக்கானின் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட குறிப்பு, அப்பட்டம் பொருத்தமற்றது என்று தெளிவாகக் கூறிவிட்டது. நெடிய விளக்கம் கொடுத்தால்தான் தவறாகப் பொருள்படாது என்னும் நிலையிலுள்ள ஒரு சொல், மக்களின் விசுவாசத்திற்கு உதவாது என்பது அது காட்டிய காரணம். 431இல் எபேசு வீதியில் நின்ற கூட்டத்தை நினைத்தால் இக்காரணத்தின் நுட்பம் புலப்படும்.

அக்குறிப்பிற் கையெழுத்திட்டவர் கர்தினால் விக்டர் மானுவேல் ஃபெர்னாண்டஸ். அவரே அதற்கு ஓராண்டு முன்னர், 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள், தஞ்சை மறைமாவட்ட ஆயருக்கு மற்றொரு கடிதம் எழுதியிருந்தார். அது 1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட நம் வேளாங்கண்ணித் திருத்தலத்தைப் பற்றியது. அங்கு வரும் பிற சமயத்தார் பலரும் அன்னையின் முன்னிலையில் ஆறுதலும் நலமும் காண்பதைச் சுட்டி, இதனைச் சமயக் கலப்பு என்று கருதலாகாது என்று அவர் எழுதினார். பட்டம் கேட்ட அறிஞர்களுக்கு மறுப்புச் சொன்ன அதே கை, மொட்டையடித்துத் தென்னங்கன்று சுமந்து வரும் யாத்திரிகரைத் தடுக்கவில்லை.